கடல் இல்லாத ஊர்க்காரனுக்குப் படகு எதுக்கு?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கரண்ட்டும் இருக்கு, உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

ஒன்றரை வருஷமா நான் பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கேன். இதைக் கேட்டதும் நூத்துக்குத் தொண்ணூறு பேர் கேக்குற முதல் கேள்வி: "நீ பெரம்பலூர்க்காரன் தானே?"

ஆமாங்க. பெரம்பலூர்தான். கடல் கிடையாது. வருஷம் பூரா ஓடற ஆறும் கிடையாது. வடக்கே வெள்ளாறு, நடுவுல மருதையாறு, ரெண்டும் மழைக்கு மட்டும் தலையக் காட்டற ஜாதி. அட, பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, அரியலூர் போய்த்தான் பல்லவனைப் பிடிக்கணும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம்தான் எங்க அடையாளம். அரியலூர் மாவட்டக் கதை இன்னும் தமாஷ். 2001-ல பெரம்பலூர்லேருந்து தனியாப் பிரிஞ்சு வந்துச்சு, 2002-ல திரும்பச் சேத்துட்டாங்க, 2007 நவம்பர்ல மறுபடியும் பிரிச்சாங்க. மாவட்டமே வந்து வந்து போற ஊர்ல கடல் எங்கேருந்து வரும்னு கேக்கலாம்.

அங்கதான் விஷயமே இருக்கு. கடல் வந்துட்டுப் போயிருக்கு!

பெரம்பலூர் மாவட்டத்துல காரைன்னு ஒரு ஊர். அதை ஒட்டி மழை அரிச்சு அரிச்சு வெறும் களிமண் மேடும் பள்ளமுமா ஒரு பொட்டல் வெளி கிடக்கும். ஒரு மரம் இருக்காது. வெயில்ல நின்னா நிலாவுல இறங்கின மாதிரி இருக்கும். அங்க குனிஞ்சு பாத்தா, துப்பாக்கித் தோட்டா மாதிரி கூர்மையா சின்னச் சின்னக் கல்லு கிடைக்கும். பெலெம்னைட். இப்ப இருக்கற கணவாய் மீனோட தூரத்துச் சொந்தம். ஏறத்தாழ 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அந்த எடம் கடலுக்கு அடியில கிடந்துச்சு. அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுல சிப்பி சிப்பியா ஒட்டிக்கிட்டு இருக்கும். சிமெண்ட் ஆலைக்காரங்க வெட்டி எடுத்து அரைக்கறது அந்தக் கடலைத்தான். நீங்க இருக்கற அடுக்குமாடில கூட எங்க ஊர்க் கடல் கொஞ்சம் கலந்திருக்கலாம் :-)

சாத்தனூர் கல்மரம் தெரிஞ்சிருக்கும். பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாப் போன மரம். பள்ளிக்கூடத்துல டூர் கூட்டிட்டுப் போனப்ப அது மேல ஏறக் கூடாதுன்னு வாத்தியார் கத்தினது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆத்து வழியா கடலுக்கு அடிச்சிட்டு வரப்பட்டு, கடலடிச் சேத்துல புதைஞ்சு கல்லான மரம் அதுன்னு பின்னாடிதான் படிச்சேன். 1940-ல எம்.எஸ்.கிருஷ்ணன்னு ஒரு தமிழ்ப் புவியியலாளர்தான் அதை உலகத்துக்குச் சொன்னவர்.

அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு. அந்தப் பக்கம் போனா அவசியம் எட்டிப் பாருங்க. அங்க அம்மோனைட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. முறுக்குச் சுத்தின மாதிரி ஓடு. டைனோசரோட சேந்து 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்சு போனது. அந்த ஓட்டுக்குள்ள சின்னச் சின்ன அறையாத் தடுத்திருக்கும். உயிர் இருக்கறது கடைசி அறையில மட்டும். மத்த அறை எல்லாம் காத்து அடைச்சு மிதக்கறதுக்கு. இந்த அறை மேட்டரை மனசுல வெச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

கங்கைகொண்ட சோழபுரமும் அரியலூர் மாவட்டம்தான். 1025-ல கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பின ராஜேந்திர சோழன், கடல் கண்ணுல படாத எடத்துலதான் தலைநகரம் கட்டி உக்காந்திருந்தாரு. இதைச் சொன்னா ஆபீஸ்ல கேள்வி கேக்குறவங்க வாயை அடைச்சிடலாம். ஆனா வீட்டுல அடைக்க முடியாது.

வீட்டுக் கதை வேற.

எங்க அம்மா பொறந்த ஊர் திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரை. கொள்ளிடத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும். காவேரியோட வெள்ள வடிகால் அது. வருஷத்துல பாதி நாள் வெறும் மணல், நடுவுல கயிறு மாதிரி கொஞ்சம் தண்ணி. அதனாலயே ஆத்தங்கரையில பொறந்த பல பேருக்கு நீச்சல் தெரியாது. நீந்தற அளவுக்குத் தண்ணி இருந்தாத்தானே? திடீர்னு ஒரு வருஷம் மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணியத் திறந்து விட்டாங்கன்னா, கரையிலேருந்து கரை வரைக்கும் செம்மண் நிறத்துல ஓடும். வெள்ளம் வடிஞ்சப்புறம் பாத்தா முழங்கால் ஆழம் மாதிரித்தான் தெரியும். எந்த எடத்துல மணல் அரிச்சுப் பள்ளமாயிருக்குன்னு மேலேருந்து பாத்தா தெரியாது.

1982-ல எங்க சின்ன மாமா அந்த மாதிரி ஒரு பள்ளத்துலதான் போனாரு. பதினாலு வயசு. கூட்டாளி ஒருத்தன் மூழ்கறான்னு குதிச்சிருக்காரு. கூட்டாளி எதையோ பிடிச்சுக் கரையேறிட்டான். மாமா ஏறல. பெரிய மாமா, அதாவது அவருக்கு அண்ணன், பத்தொம்பது வயசு, கரையில நின்னுக்கிட்டு இருந்தாரு. அவருக்கும் நீச்சல் தெரியாது.

இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. இதையும் ஆயா சாகறதுக்கு முந்தி சொன்னது. அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்துல பொறந்த ஒரு புள்ளையும் தண்ணிப் பக்கம் போனதில்ல. நாங்க யாரும் கிணத்துல குதிச்சதில்ல, ஏரியில இறங்கினதில்ல. ஆடிப் பெருக்குக்குக் கூடக் கரையில நின்னு சொம்புல மொண்டு தலையில தெளிச்சுக்கறதோட சரி. "தண்ணிக்கும் நெருப்புக்கும் முன்னாடி தெகிரியம் காட்டாத"ன்னு அம்மா சொல்லும். அவ்வளவுதான் எங்களுக்குக் கெடச்ச பாடம்.

எங்க ஊரு மட்டும் இல்ல, சுத்துவட்டாரமே அப்படித்தான். கடல் இல்லாத ஊருக்குத் தண்ணியால ஆபத்து இல்லைன்னு நெனக்காதீங்க. 1956 நவம்பர் 23 அன்னிக்கு அரியலூர்கிட்ட மருதையாத்துப் பாலம் வெள்ளத்துல அடிச்சிட்டுப் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துக்குள்ள விழுந்துச்சு. நூறு பேருக்கு மேல செத்தாங்க. ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணினது அதுக்குத்தான். வருஷம் பூரா மணல் கிடக்கற ஆறுதான் அது. இப்ப வர்ற செய்தி சின்னச் சின்னதா வரும். ஏரியில ஒண்ணு, தடுப்பணையில ரெண்டு, மழைத்தண்ணி தேங்கின கல் குவாரிக் குட்டையில மூணு. கோடை லீவு வந்தா பேப்பர்ல உள்பக்கத்துல ஒரு பத்தி. கவனிச்சுப் பாருங்க, பாதிக்குப் பாதி ஒரே கதைதான்: ஒருத்தன் மூழ்கறான், காப்பாத்தப் போனவனும் சேந்து மூழ்கறான்.

சரி, நான் எப்படி இதுல மாட்டினேன்?

2021-ல கொரோனா புண்ணியத்துல வீட்டுலேருந்து வேலை. பெரம்பலூர்ல உக்காந்துக்கிட்டு கோட் அடிச்சுக்கிட்டு இருந்தப்ப டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஓடிட்டிருந்துச்சு. எனோஷிமாவுல பாய்மரப் போட்டி. அதுல நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். ஒத்தை ஆளு, ஒத்தைப் பாயி, உடம்பு முழுக்கப் படகுக்கு வெளிய, முதுகு தண்ணியில உரசுற மாதிரி தொங்கிக்கிட்டுப் போறாங்க. அதைப் பாத்ததும் எனக்கு வீரம் எல்லாம் வரல. எனக்கு வந்தது ஒரு கேள்விதான். கவுந்தா என்ன பண்ணுவாங்க?

அந்தக் கேள்வி மண்டைக்குள்ள அப்படியே கிடந்துச்சு. திரும்ப சென்னைக்கு வந்தப்புறம் முதல் வேலையா நீச்சல் கத்துக்கிட்டேன். இருபத்தஞ்சு வயசு ஆளு ஆறு வயசுப் பசங்களோட சேந்து கம்பியப் பிடிச்சுக் காலை உதைக்கற காட்சியை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க. நாலு மாசம் ஆச்சு. அம்பது மீட்டர் நிக்காம நீந்த வந்தப்புறம்தான் படகுப் பக்கமே போனேன்.

சென்னையில இதெல்லாம் இன்னிக்கு நேத்து வந்ததில்ல. அடையாத்துல துடுப்புப் போடற மெட்ராஸ் போட் கிளப் 1867-லேருந்து இருக்கு. பாய்மரத்துக்கு ராயல் மெட்ராஸ் யாட் கிளப், 1911-ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர் சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங், அப்ப மெட்ராஸ் துறைமுகத்துக்குத் தலைவர். பேரை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம கணித மேதை ராமானுஜம் 1912-ல துறைமுகத்துல குமாஸ்தாவா சேந்தப்ப அவருக்குப் பெரிய முதலாளி இவர்தான். ராமானுஜம் கேம்பிரிட்ஜ் போறதுக்குக் கை குடுத்தவங்கள்ல ஒருத்தர். ஆபீஸ் நேரம் போக அவர் படகு விட்டாரு, இவர் கணக்குப் போட்டாரு!

நான் சேந்தது சனி ஞாயிறு மட்டும் நடக்கற ஒரு தொடக்க வகுப்பு. விலாசம் எல்லாம் சொல்லி விளம்பரம் பண்ண வேண்டாம்னு பாக்கறேன். முதல் நாள் முழுக்கத் தரையிலதான். படகு மணல்ல கிடக்கும், நாங்க அதுல ஏறி உக்காந்துக்கிட்டு ஓட்டற மாதிரி நடிக்கணும். 'ஷீட்'னா துணி இல்ல, எக்செல் ஷீட்டும் இல்ல, பாயை இழுத்துப் பிடிக்கற கயிறு. 'பூம்'னா பாய்க்கு அடியில இருக்கற கட்டை. திரும்பறப்ப அது தலைக்கு மேல சரட்டுன்னு ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கம் போகும். குனியலைன்னா 'பூம்' சத்தம் நம்ம மண்டையிலதான்.

சொல்லிக் குடுத்தவர் காசிமேட்டுக்காரர். அப்பா, தாத்தா எல்லாம் கட்டுமரம் போட்டவங்க. நாங்க 'போ', 'ஸ்டெர்ன்'னு திணறிக்கிட்டு இருந்தப்ப, "அணியம், அமரம்னு சொல்லுங்க சார், நாக்கு சுளுக்காது"ன்னாரு. படகோட முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். சுக்கான் நமக்கே தெரியும். வடக்கேருந்து வந்தா வாடை, கிழக்கேருந்து வந்தா கொண்டல். கரையை ஒட்டி ஓடற நீரோட்டத்துக்குக் கூட வன்னி, தெண்டின்னு தனித்தனிப் பேர் வெச்சிருக்காங்க. இதெல்லாம் உள்ளூர்ல உயிரோட புழங்கற தமிழ். நாம 'தமிழ்ல கலைச்சொல் இல்லை'ன்னு இங்க உக்காந்து சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்.

காத்தைப் படிக்கறதுதான் பாதி வித்தை. சென்னையில காலையில காத்து நிலத்துலேருந்து கடலுக்குப் போகும், வெயில் ஏறி மத்தியானம் ஆச்சுன்னா கடல்காத்து உள்ள வரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அரைமணி நேரம் காத்தே இருக்காது, பாய் செத்த மாதிரி தொங்கும். காத்து வர்ற திசைக்கு நேரா எந்தப் பாய்மரமும் போகாது. அதுக்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி தள்ளித்தான் போகணும். அதனால எதிர்காத்துல போகணும்னா இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம்னு வளைஞ்சு வளைஞ்சு. ஊர்ல ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவோம். எதிர்க்காத்துல சைக்கிள் மிதிச்சு ட்யூஷன் போனவனுக்குக் காத்தோட பலம் தெரியும். அதே காத்தை வெச்சுக்கிட்டு அதுக்கு எதிராவே போக முடியும்கறது எனக்கு இன்னும் மாயாஜாலமாத்தான் இருக்கு.

கடல்ல சாலை விதியும் உண்டு. ரெண்டு பாய்மரம் எதிர்ல வந்தா, யாருக்கு இடது பக்கத்துலேருந்து காத்து அடிக்குதோ அவங்க வழி விடணும். பெருசு சின்னதுன்னு கணக்கு இல்ல. அரியலூர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரி பின்னாடி பைக் ஓட்டின எனக்கு இந்த ஒரு விதிக்காகவே கடல் மேல மரியாதை வந்துருச்சு. அப்புறம் ரேடியோ. ஆபத்துன்னா 16-ஆம் சேனல்ல மூணு தடவை 'மேடே' சொல்லணும், அப்புறம் படகு பேரு, எங்க இருக்கோம், என்ன ஆச்சு, எத்தனை பேரு. அதே வரிசையில. பதட்டத்துல மூளை வேலை செய்யாதுங்கறதால வாய்ல வரிசையைப் பழக்கி வெக்கறாங்க. (போன்ல கடலோரக் காவல்படையை 1554-ல பிடிக்கலாம். இலவசம். குறிச்சு வெச்சுக்கோங்க.)

இப்ப முக்கியமான மேட்டர். ரெண்டாவது வாரம் அவர் வந்து, "இன்னிக்கு எல்லாரும் கவுக்கப் போறோம்"னாரு.

பாய்மரப் பயிற்சியில படகு ஓட்டறதுக்கு முன்னாடி கவுக்கக் கத்துக் குடுத்துடறாங்க. வேணும்னே கவுக்கணும். ரெண்டு பேரும் ஒரே பக்கமா சாஞ்சு, பாயைத் தண்ணியில படுக்க வெக்கணும். எனக்கு முந்தின நாள் ராத்திரி தூக்கம் வரல, உள்ளதைச் சொல்றேன். துறைமுகத்துத் தண்ணி பச்சைக் கறுப்பா இருக்கும், அடி தெரியாது. சாயறப்ப கண்ணு முன்னாடி கடல் எந்திரிச்சு நிக்கற மாதிரி இருந்துச்சு. அடுத்த நொடி உப்புத் தண்ணி மூக்குல, காதுல, எல்லா எடத்துலயும்.

மேல வந்துட்டேன். நான் ஒண்ணும் பண்ணல, சட்டை தூக்கிட்டு வந்துருச்சு. படகு பக்கவாட்டுல படுத்துக் கிடக்குது, ஆனா மூழ்கல. ஏன்னா அதோட உடம்புக்குள்ள காத்து அடைச்ச அறைகள் இருக்கு. எனக்கு அந்த நிமிஷம், வாயில உப்புத் தண்ணியோட, வாரணவாசி அம்மோனைட்டுதான் ஞாபகம் வந்துச்சு. சிரிச்சேன். கூட இருந்த பார்ட்னர் நான் பயத்துல கிறுக்காயிட்டேன்னு நெனச்சானாம்.

அதுக்கப்புறம் செய்யறது ரொம்பச் சுலபமான நாலு காரியம். ஒண்ணு, கூட வந்தவன் பேரைக் கூப்பிட்டு பதில் வருதான்னு பாக்கறது. அடுத்தது, என்ன ஆனாலும் படகை விட்டு நீந்திப் போகாம இருக்கறது. கரை கிட்டத்துல தெரியும், ஆனா தண்ணியிலேருந்து பாக்கறப்ப கண்ணு பொய் சொல்லும். தேடி வர்றவங்களுக்கு உங்க தலை தேங்காய் அளவு, படகுதான் கண்ணுல படும். அப்புறம் சுத்தி வந்து, படகுக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கற சென்டர்போர்டுங்கற பலகை மேல ஏறி நின்னு, கயிறைப் பிடிச்சுப் பின்னாடி சாயணும். அவ்வளவுதான். மெதுவா, ரொம்ப மெதுவா, பாய் தண்ணியக் கொட்டிக்கிட்டு எந்திரிக்கும். நான் அறுபத்தி மூணு கிலோ. அந்த எடைக்கே படகு நிமிந்துச்சு.

அன்னிக்கு ஆறு தடவை கவுத்தோம். ஆறாவது தடவை எனக்குப் பயம் இல்ல, பசிதான் இருந்துச்சு.

லைஃப் ஜாக்கெட் பத்தி ஒரு வார்த்தை. எல்லாம் ஒண்ணு இல்ல. நாங்க போடறது 50 நியூட்டன், நீச்சல் தெரிஞ்சவன் மிதக்கறதுக்கு ஒத்தாசை. நீச்சல் தெரியாதவனுக்கு 100-க்கு மேல வேணும். 150 நியூட்டன் ஜாக்கெட், நினைவு தப்பினாலும் மூஞ்சி மேல பாக்கற மாதிரி திருப்பிப் போடறதுக்காகச் செஞ்சது. சுற்றுலாப் படகுல குடுக்கற கிழிஞ்ச ஆரஞ்சு சட்டை இதுல எந்த வகைன்னு அதைச் செஞ்சவனுக்கே வெளிச்சம். கொக்கி இல்லாத ஜாக்கெட்டைக் குடுத்தா வாங்காதீங்க, வேற கேளுங்க.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. 'வீக்எண்டு கிளாஸ் போறேன்'னு சொல்லி வெச்சிருந்தேன். அதுவும் உண்மைதானே. போன வருஷம் மே மாசக் கடைசியில டிவி நியூஸ்ல கடற்படையோட தாரிணி படகு கோவா திரும்பினதைக் காட்டினாங்க. லெப்டினென்ட் கமாண்டர் தில்னா, லெப்டினென்ட் கமாண்டர் ரூபா, ரெண்டே பொண்ணுங்க, பாய்மரத்துல எட்டு மாசம் உலகத்தைச் சுத்திட்டு 2025 மே 29 அன்னிக்கு வந்து சேந்தாங்க. ரூபா நம்ம புதுச்சேரி. நிலத்துலேருந்து எந்தப் பக்கம் போனாலும் 2,600 கிலோமீட்டருக்கு மேல இருக்கற பாயின்ட் நீமோ வழியாவும் போய்ட்டு வந்திருக்காங்க. நான் லீவுல ஊர்ல இருந்தேன். அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே பாத்துச்சு.

"ரெண்டு பொட்டப் புள்ளைங்க... பெத்தவங்க எப்பிடி அனுப்புனாங்க? கவுந்தா என்ன பண்ணுவாங்களாம்?"

அதே கேள்வி. வார்த்தை கூட மாறாம.

"கவுந்தா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்மா"ன்னு சொல்லிட்டேன்.

திட்டு விழும்னு எதிர்பார்த்தேன். அம்மா கையில இருந்த வெங்காயத்தைத் தட்டுல வெச்சுட்டு, "சொல்லு"ன்னுச்சு. முறத்தைப் படகாக்கி, கரண்டியப் பலகையாக்கி, தரையிலயே செஞ்சு காமிச்சேன். கயிறு முடிச்சு காமிச்சேன். எத்தனை இழுத்தாலும் இறுகாத வளையம், பௌலைன்னு பேரு. "இது மாட்டுக் கழுத்துக்குப் போடற முடிச்சுடா, இறுகினா மாடு செத்துப் போவும்ல"ன்னு கயித்தை வாங்கி என்னைவிட வேகமாப் போட்டுச்சு. ஏறக்குறைய அதே முடிச்சுதான்! அப்புறம் தாத்தா காலத்துல பசங்க முதுகுல சுரைக்குடுக்கையக் கட்டிக் கிணத்துல இறக்கினது எல்லாம் சொல்லுச்சு. காஞ்ச சுரைக்காய், உள்ள காத்து. அம்மோனைட்டும் அதான், படகும் அதான்.

நான் அந்த உற்சாகத்துல, மூழ்கறவங்களை எப்படிக் காப்பாத்தறதுன்னு சொல்லிக் குடுத்ததையும் சொன்னேன். மூழ்கறவன் சினிமாவுல வர்ற மாதிரி கத்த மாட்டான், மூச்சு விடவே வாய் பத்தாது, சத்தமில்லாமத்தான் போவான். கிட்டப் போனா நம்மளையும் சேத்து அமுக்குவான். அதனால குதிக்கக் கூடாது. கம்பை நீட்டு. எட்டலைன்னா எதையாவது வீசு. கயிறு, காலி கேன், சேலை, வேட்டி, எது கெடச்சாலும்.

அம்மா ரொம்ப நேரம் பேசல. டிவியில விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் கேட்டுச்சு.

"அண்ணன் அன்னிக்கு வேட்டி கட்டிக்கிட்டுத்தான் நின்னுச்சு. அதை அவுத்துப் போட்டிருந்தா...?"

நான் பதில் சொல்லல. என்ன சொல்ல முடியும்? ஆத்தோட இழுப்பு எவ்வளவு, எவ்வளவு தூரத்துல இருந்தாரு, எதுவும் எனக்குத் தெரியாது. "யாரும் சொல்லிக் குடுக்கலையேம்மா"ன்னு மட்டும் சொன்னேன். "ஆமா, யாரு சொல்லிக் குடுத்தா"ன்னு எந்திரிச்சுப் போயிருச்சு. நாப்பத்தி மூணு வருஷத்துல அம்மா சின்ன மாமாவைப் பத்தி என்கிட்டப் பேசினது அதுதான் முதல்... சரி, எனக்கு வயசு இருபத்தெட்டுதான், ஆனா புரிஞ்சுப்பீங்க.

அடுத்த நாள் காலையில அக்காவுக்கு அம்மாவே போன் போட்டு, பசங்களை அனுப்பச் சொல்லிருச்சு.

உலகத்துல வருஷத்துக்கு ஏறத்தாழ மூணு லட்சம் பேர் மூழ்கிச் சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பள்ளி வயசுப் பசங்களுக்கு அடிப்படை நீச்சலும், குதிக்காமக் காப்பாத்தற வழியும் சொல்லிக் குடுக்கணும்னும் அவங்களே சொல்றாங்க. கடற்கரை ஊர்ல இதைச் சொன்னா யாராவது காது குடுப்பாங்க. கல்குவாரியும் ஏரியும் இருக்கற எங்க ஊர்ல 'இங்க எதுக்குப்பா அதெல்லாம்'னு கேக்கறாங்க. எனக்குக் கோவம் வர்றது இங்கதான். பயத்தை மட்டும் பரம்பரையாக் குடுக்கறோம். பயந்தவன் தண்ணிக்குள்ள போறதே இல்லைன்னு நெனப்பு. பசங்க நமக்குத் தெரியாமப் போவாங்க, அப்ப அவங்க கையில ஒண்ணும் இருக்காது.

அதனால இப்ப மாசத்துல ரெண்டு சனிக்கிழமை ஊருக்குப் போறேன். படகு எல்லாம் இல்லைங்க, அவசரப்படாதீங்க. அக்கா மாமனார் தோட்டத்துல பம்ப்செட் தொட்டி இருக்கு, பசங்களுக்கு நெஞ்சளவு. அக்கா பசங்க ரெண்டு, பக்கத்துத் தோட்டத்துப் பசங்க மூணு. மல்லாக்க மிதக்கறது, மூச்சை விடறது, மிதந்துக்கிட்டே மூச்சு வாங்கறது. கேன்ல கயித்தைக் கட்டி வீசிப் பழகறது. இதுல சின்னவதான் கில்லாடி, ஏழு வயசு, பத்துக்கு எட்டு தடவை சரியா என் தலைக்கே வீசறா. கிணத்துக்கு இன்னும் போகல, அது பொங்கலுக்கு அப்புறம்னு வெச்சிருக்கோம். லைஃப் ஜாக்கெட் ரெண்டு வாங்கியிருக்கேன், சின்னப் பசங்க அளவு கிடைக்கறதுதான் கஷ்டமா இருக்கு. எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமாப் போகும்.

அம்மா தொட்டி மேட்டுல உக்காந்துக்கும். தலைய எண்ணாது, கீழ கழட்டி விட்ட செருப்பை எண்ணும். அஞ்சு ஜோடி. யாராவது கிளம்பினா செருப்பைப் போட்டுக்கிட்டு அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் போகணும். இந்த வழிமுறையை எந்த வகுப்புலயும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. காசிமேட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், "நல்லாருக்கே"ன்னாரு.

பெரிய மாமாவுக்கு விஷயம் போயிருச்சு. நான் சொல்லல, அம்மாவும் சொல்லலைங்குது. பசங்க யாராவது சொல்லியிருக்கணும். அவர் வர்ற அன்னிக்குக் கேன் வீசறதை விட்டுட்டு வெறும் மிதக்கறது மட்டும் வெச்சுக்கலாமான்னு யோசிச்சேன். அம்மாகிட்டக் கேட்டேன். "எல்லாத்தையும் சொல்லிக் குடு, அண்ணனுக்குந்தான்"னு சொல்லிருச்சு.

அடுத்த சனிக்கிழமை வர்றேன்னு போன் பண்ணியிருக்காரு. டிரவுசர் ஒண்ணு எடுத்துட்டு வரவான்னு கேட்டாரு. அவருக்கு இப்ப அறுபத்தி ரெண்டு வயசு.